ஒல்லாந்தர் காலத்து இரவுப் பூசைகள்

1658ஆம் ஆண்டு யாழ்ப்பாணக் கோட்டை போர்த்துக்கேயர் கையை விட்டு ஒல்லாந்தர் கைக்குப் போனது. கத்தோலிக்கக் குருமார் நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். அதே வருடம் செப்டம்பரில் ஒரு கட்டளை வந்தது: கத்தோலிக்கக் குருவுக்கு இடம் கொடுத்து ஒளித்து வைப்பவருக்கு மரண தண்டனை.

இந்தக் கட்டளை யாரைக் குறி வைத்தது என்று பாருங்கள். பிடிபட்ட குருவை ஏதோ ஒரு கப்பலில் ஏற்றி அனுப்பிவிடலாம். அவருக்காகக் கேட்கக் கோவா இருக்கிறது, லிஸ்பன் இருக்கிறது, ரோமாபுரி இருக்கிறது. அவருக்குத் திண்ணையில் பாய் விரித்துக் கொடுத்தவனுக்காகக் கேட்க யார் இருக்கிறார்கள்? ஒரு ஓலைக் குடிசை, நாலு பிள்ளைகள், கொஞ்சம் காணி. குருவை நிறுத்த வேண்டுமென்றால் கதவுகளை மூடவைத்தால் போதும் என்பது ஆட்சியில் இருந்தவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

ஒல்லாந்தர் காலத்தில் இங்கே ஒளிந்து ஊழியம் செய்த குரு புனித யோசேவ் வாஸ் அடிகளாரைப் பற்றிக் கத்தோலிக்கரான நாங்கள் நிறையப் பேசுவோம். 2015 ஜனவரி 14ஆம் திகதி கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது ஊர் ஊராக மணி அடித்தோம். அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் அவருடைய கதையைப் படிக்கப் படிக்க என் கண் அவரை விட்டு அவரைச் சுற்றியிருந்தவர்கள் மேல்தான் போகிறது. கதவைத் திறந்தவர்கள் மேல். மத சுதந்திரத்துக்கு விலை கொடுத்தவர்கள் என்று யாரையாவது சொல்வதென்றால் நான் முதலில் அவர்களைத்தான் சொல்வேன்.

அதற்கு முன்னால் ஒரு கணக்கைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். இதைத் தாண்டிப் போய்த் தியாகக் கதை மட்டும் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. 1658க்கு முந்தைய நாற்பது வருடம் யாழ்ப்பாணத்தில் அதிகாரத்தில் இருந்தது எங்கள் மதத்தைச் சேர்ந்தவர்கள். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தது போர்த்துக்கேயத் தளபதி பிலிப்பே டி ஒலிவேரா. விரத நாளில் சாப்பிட்ட வாழையிலையை வெளியில் எறிந்தால் காட்டிக்கொடுத்துவிடும் என்று கூரையில் செருகி ஒளித்து வைத்த சைவக் குடும்பங்களின் கதையை யாழ்ப்பாணத்தில் இன்றைக்கும் சொல்வார்கள். 1626இல் போர்த்துக்கேயர் தங்கள் பகுதியிலிருந்து முஸ்லிம்களைத் துரத்தியபோது கண்டி மன்னர் செனரத் அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்து, சுமார் 4,000 பேரைக் கிழக்கில் மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினார். ஆக, இலைகளை ஒளிக்க வைத்த மதத்துக்காரர்கள் கொஞ்சக் காலம் கழித்துச் செபமாலைகளை ஒளிக்க வேண்டி வந்தது. இலையை ஒளித்தவரும் செபமாலையை ஒளித்தவரும் பல இடங்களில் ஒரே ஒழுங்கையில் அயலவர்கள்.

ஒல்லாந்தரின் அடக்குமுறை பெரும்பாலும் வாளால் நடக்கவில்லை, பேனாவால் நடந்தது. கத்தோலிக்கக் கோயில்களையெல்லாம் அவர்கள் தங்கள் புரட்டஸ்தாந்து சீர்திருத்தச் சபையின் கோயில்களாகவும் பள்ளிக்கூடங்களாகவும் மாற்றினார்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு தோம்பு, அதாவது ஒரு பதிவேடு, இருந்தது. பிள்ளை பிறந்தால் அங்கே ஞானஸ்நானம், அங்கே பதிவு. கலியாணம் அங்கே. அந்தத் தோம்பில் பெயர் இல்லாத கலியாணம் கலியாணமே இல்லை, அந்தப் பிள்ளைக்குச் சொத்தில் உரிமை இல்லை. அரசாங்க உத்தியோகம் வேண்டுமென்றால் சீர்திருத்தச் சபையின் விசுவாச அறிக்கைக்குக் கையெழுத்து வைக்க வேண்டும். அங்கே போதகராக இருந்த பல்தேயஸ் 1660களில் எடுத்த கணக்கில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் கிறிஸ்தவர்கள் அறுபதினாயிரத்துக்கும் மேல். அந்த எண்ணுக்குள் கத்தோலிக்கரும் இருக்கிறார்கள், சைவர்களும் இருக்கிறார்கள். பகலில் ஒரு பெயர், வீட்டுக்குள் வேறு பெயர் என்று அத்தனை பேரும் வாழப் பழகினார்கள்.

இப்படி வாழ்ந்தவர்களைக் கோழைகள் என்று எழுதியவர்களைப் படித்திருக்கிறேன். எனக்கு அது கோபத்தைத் தருகிறது. பிள்ளைக்கு அப்பன் காணி போய்ச் சேர வேண்டும் என்று தோம்பில் பெயர் பதிந்துவிட்டு, இரவில் அந்தப் பிள்ளையை மடியில் வைத்து அருள் நிறைந்த மரியே சொல்லிக் கொடுத்த தாய் கோழையா? 1658 முதல் 1687 வரை யாழ்ப்பாணத்தில் குருவே இல்லை. பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, சாகக் கிடப்பவருக்கு அவஸ்தைப் பூசுதல் இல்லை. ஒரு தலைமுறையே அப்படி வளர்ந்தது. குரு இல்லாத இடத்தில் ஞானஸ்நானத்தை யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்பது திருச்சபையின் சட்டம். அந்த ஒரு சட்டத்தையும் மனப்பாடச் செபங்களையும் வைத்துக்கொண்டு மூப்பர்களும் வீட்டுப் பெண்களும் முப்பது வருடம் ஓட்டியிருக்கிறார்கள்.

ஆயுத வழியும் முயலப்படாமல் இல்லை. 1658லேயே ஒல்லாந்தரைக் கவிழ்க்க ஒரு சதி உருவானது. அது வெளிப்பட்டு, சம்பந்தப்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள், ஒரு இயேசு சபைக் குரு உட்பட. வேறொரு காலத்தில், வேறொரு கண்டத்தில், மெக்சிகோவில் 1926 முதல் 1929 வரை கத்தோலிக்க விவசாயிகள் அரசாங்கத்தோடு துப்பாக்கி எடுத்துச் சண்டை போட்டார்கள். இரு பக்கத்திலும் பல்லாயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள். சமாதானம் என்று சொல்லி ஆயுதத்தைக் கீழே வைத்த பிறகும் பலர் தேடிப்பிடித்துக் கொல்லப்பட்டார்கள். அவர்களை இங்கே இருந்துகொண்டு தீர்ப்பிட நான் விரும்பவில்லை. யாழ்ப்பாணத்தில் பலித்த வழி வேறு என்பதை மட்டும் சொல்கிறேன்.

1687இல் யோசேவ் வாஸ் வருகிறார். கோவாவில் பெனோலிம் ஊரில் 1651 ஏப்ரல் 21இல் பிறந்தவர், கொங்கணிக்காரர். இலங்கையில் குருவே இல்லை என்று கேள்விப்பட்டவர், மேலிடத்துப் படையோ பணமோ இல்லாமல் தானாகவே புறப்பட்டார். ஒரு ஐரோப்பியக் குருவால் இந்த வேலை முடிந்திருக்காது, கடற்கரையில் இறங்கியவுடனேயே நிறம் காட்டிக்கொடுத்திருக்கும். வாஸ் அடிகளார் கூலியாள் வேடத்தில், ஜான் என்ற பையனை மட்டும் கூட்டிக்கொண்டு, தூத்துக்குடியிலிருந்து தோணி ஏறினார்.

வந்து சேர்ந்தபோது இருவருக்கும் கடும் வயிற்றுக்கடுப்பு. தொற்றுநோய் என்று பயந்து சனங்கள் அவர்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். அங்கே ஒரு பெண் நாளாந்தம் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அவள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. அவள் கத்தோலிக்கப் பெண்ணா, சைவப் பெண்ணா என்பதும் எழுதப்படவில்லை. இரண்டு பிச்சைக்காரர்கள் சாகக் கிடக்கிறார்கள், கஞ்சி ஊற்றுவோம் என்று அவள் வந்தாள். இலங்கைத் திருச்சபையின் அடுத்த நூறு வருடம் அந்தச் சிரட்டைக் கஞ்சியில் தொங்கிக்கொண்டிருந்தது.

எழுந்து நடக்க முடிந்ததும் அவர் செய்த வேலை எனக்கு இன்றைக்கும் மயிர்க்கூச்செறிய வைக்கிறது. கழுத்தில் ஒரு செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சைக்குப் போனார். கத்தோலிக்கர் யார் என்று அவருக்குத் தெரியாது. யாரிடமும் வாய்விட்டுக் கேட்கவும் முடியாது. ஆகவே அந்த மாலையைப் பார்ப்பவர்களின் முகத்தை அவர் பார்த்தார்.

வாசலில் நிற்பவர் பக்கமிருந்து மட்டும் இதைப் பார்த்தால் பாதிதான் விளங்கும். வீட்டுக்குள் இருப்பவரை எண்ணிப் பாருங்கள். பிச்சைக்காரன் வந்திருக்கிறான், கையில் அரிசியோடு வெளியே வருகிறீர்கள். அவன் கழுத்தில் செபமாலை. முப்பது வருடமாக வெளியில் யாரும் போடாத செபமாலை. இவன் யார்? ஒல்லாந்தர் அனுப்பிய வேவுக்காரனா? முகத்தில் ஒரு மாற்றம் தெரிந்தால் நாளைக்குச் சிப்பாய்கள் வரலாம். அரிசியைப் போட்டுவிட்டுத் திரும்பிவிட்டால் ஒன்றும் ஆகாது. அப்படித் திரும்பியவர்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் யாரோ ஒருவர் திரும்பவில்லை. அந்த மாலையைப் பார்த்து நின்றார், பேச்சுக் கொடுத்தார், கடைசியில் இவர் குரு என்று தெரிந்துகொண்டார். அவருக்கு அந்தக் கட்டளை தெரியும், தண்டனையும் தெரியும். தெரிந்துதான் உள்ளே கூப்பிட்டார்.

அப்புறம் சில்லாலை. பண்டத்தரிப்புக்குப் பக்கத்திலுள்ள அந்த ஊர் அவரை இரண்டு வருடம் வைத்துக் காப்பாற்றியது. ஒரு வீடு ஒரு ஆளை ஒளிப்பது ஒரு விஷயம், ஒரு ஊரே ஒரு ஆளை ஒளிப்பது முற்றிலும் வேறு விஷயம். ஊரென்றால் காணிச் சண்டை இருக்கும், வேலித் தகராறு இருக்கும், கலியாணத்தில் மனக்கசப்பு இருக்கும். ஆகாதவன் ஒருவன் கோபத்தில் போய் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. இரண்டு வருடம் அந்த வார்த்தையை யாரும் சொல்லவில்லை. பூசை இரவில் நடக்கும், ஆட்கள் இருட்டோடு வந்து விடியுமுன் கலைந்துவிடுவார்கள். அங்கிருந்து அவர் மற்ற ஊர்களுக்கும் இரவோடிரவாகப் போய் வந்தார்.

1689 கிறிஸ்து பிறப்பு இரவில் விலை கேட்கப்பட்டது. அப்போது யாழ்ப்பாணத்தில் இருந்தவர் ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆணையாளர் ஹென்ட்ரிக் வான் றீட். கேரளத்துச் செடிகொடிகளைப் பற்றி, அந்த மண்ணின் வைத்தியர்களைக் கூட வைத்துக்கொண்டு, பன்னிரண்டு பெரிய தொகுதிகள் வரக் காரணமான அதே மனிதர். இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரின் அறிவை மதித்துப் பதிய வைத்தவருக்கு, ஒரு யாழ்ப்பாணத்தான் தன் வீட்டுக்குள் முழந்தாளிடுவதைப் பொறுக்க முடியவில்லை. படித்த மனிதர்கள் மத விஷயத்தில் இரக்கமாக இருப்பார்கள் என்று நம்புகிறவர்கள் இந்த ஆளை நினைத்துக்கொள்ளலாம்.

நள்ளிரவுப் பூசைக்குச் சனங்கள் கூடியிருந்த வீடுகளுக்குள் சிப்பாய்கள் புகுந்தார்கள். சுரூபங்களை உடைத்தார்கள், ஆட்களை இழுத்துப் போனார்கள். வாஸ் அடிகளார் அகப்படவில்லை. அது அற்புதம் என்று பக்தர்கள் சொல்வார்கள். அகப்பட்டவர்களில் பெண்களை விட்டுவிட்டு ஆண்களுக்குத் தண்டம் விதித்தார்கள். எட்டுப் பேரை மட்டும் தனியாகப் பிரித்தார்கள். அவர்களில் சீர்திருத்தச் சபையிலிருந்து கத்தோலிக்கத்துக்கு வந்த பேதுரு என்பவர் சவுக்கடியில் செத்தார். மற்ற ஏழு பேரையும் அடித்து, விலங்கு போட்டு, ஆயுள் முழுக்கக் கோட்டை வேலைக்கு அனுப்பினார்கள்.

யாழ்ப்பாணக் கோட்டையைப் பார்க்கப் போகிறவர்கள் அந்த முருகைக்கல் மதிலின் முன்னால் நின்று படம் எடுப்பார்கள். நானும் எடுத்திருக்கிறேன். அந்த மதில்களுக்குக் கல் சுமந்தவர்களில் அந்த ஏழு பேரும் உண்டு. அவர்களின் மனைவிமார் அதற்குப் பிறகு எப்படிப் பிழைத்தார்கள், பிள்ளைகளின் பெயர்கள் தோம்பில் இருந்தனவா, காணி யாருக்குப் போனது என்றெல்லாம் எனக்கு ஓடும். விலை என்று சொல்லும்போது செத்தவரை மட்டும் எண்ணிவிட்டு நிறுத்திவிடுகிறோம். செத்தவரின் வீட்டில் மறுநாள் காலையிலிருந்து அந்த விலையைத் தவணை தவணையாகக் கட்டியவர்கள் இருக்கிறார்கள்.

யாழ்ப்பாணத்தில் இனி இருக்க முடியாது என்றானபோது வாஸ் அடிகளார் தெற்கே புத்தளம் போய், அங்கிருந்து 1692இல் கண்டிக்குள் நுழைந்தார். போர்த்துக்கேய ஒற்றன் என்று ஒரு பிரெஞ்சுக்காரர் சொன்னதில் முதலில் சிறைதான் கிடைத்தது. சிறைக்குள் இருந்தபடியே சிங்களம் படித்தார், நாளடைவில் ஒரு சிறு கோயிலும் வைத்துக்கொண்டார். கொடும் வறட்சியில் அவர் செபித்து மழை வந்ததாகச் சொல்லும் கதை எல்லாருக்கும் தெரியும். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவி, சொந்தக்காரர்களே நோயாளிகளை விட்டு ஓடியபோது அவரும் அவருடைய மருமகனான குருவும் தெருத்தெருவாகப் போய் நோயாளிகளைக் கழுவித் துடைத்து, செத்தவர்களைப் புதைத்தார்கள். மன்னரின் மனத்தில் நின்றது மழையை விட இதுதான் என்பது என் எண்ணம்.

அந்த மன்னர் இரண்டாம் விமலதர்மசூரியர். பௌத்தர், அதுவும் பெயருக்குப் பௌத்தர் அல்ல. நாட்டில் உபசம்பதா என்ற முழுத் துறவுப் பட்டம் பெற்ற பிக்குகள் அருகிப் போனதால், இன்றைய மியன்மாரில் இருக்கும் அரக்கானுக்குத் தூது அனுப்பி, அங்கிருந்து பிக்குகளை அழைத்து, சங்கத்தை மறுபடி நிலைநிறுத்தியவர். அதுவும் அதே 1697இல். தன் மதத்துக்காகக் கடல் தாண்டி ஆள் அனுப்பியவர் தன் தலைநகரத்தில் ஒரு கத்தோலிக்கக் குரு பூசை வைக்க இடம் கொடுத்தார். ஒரே தேவனை, ஒரே கிறிஸ்துவை வணங்கிய ஒல்லாந்தர் சவுக்கை எடுத்தபோது, கிறிஸ்துவை ஏற்காத மன்னர் கதவைத் திறந்தார். ஒல்லாந்தருக்குப் பகைவர் என்பதால் அரசியல் லாபமும் அதில் இருந்திருக்கும், இல்லை என்று சொல்ல மாட்டேன். இருந்தும், அந்தக் கதவு திறந்திருக்காவிட்டால் இன்று நாங்கள் இல்லை.

வாஸ் அடிகளாருக்குப் பின்னால் வந்த கோவாக் குருக்களில் யாக்கோமே கொன்சால்வஸைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. தமிழர்களுக்கு அவர் சாங்கோபாங்க சுவாமி. 1705இல் வந்தார். தமிழையும் சிங்களத்தையும் ஊறிப் படித்து இரண்டிலும் எழுதிக் குவித்தார். அவர் எழுதிய வியாகுலப் பிரசங்கத்தைப் பெரிய வியாழன், பெரிய வெள்ளியில் எங்கள் கோயில்களில் இராகம் போட்டு வாசிப்பார்கள். சின்ன வயதில் அந்த நீண்ட ஒப்பாரித் தொனி எனக்குப் பயமாக இருக்கும். தாயின் மடியில் மகனைக் கிடத்தும் பகுதி வந்தால் எங்கள் அம்மம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுவார். அந்த வசனம் எழுதப்பட்டது கத்தோலிக்கரின் கூட்டங்களை ஒல்லாந்தர் சட்டம் போட்டுத் தடுத்துக்கொண்டிருந்த காலத்தில் என்று பிறகுதான் படித்தேன். 1715இல்கூட வீட்டுக்குள் கூடுவதையும் சேர்த்துத் தடை செய்து ஒரு கட்டளை வந்தது. குருவை எப்போது பிடிப்பார்களோ தெரியாது, ஆனால் வாசிக்கத் தெரிந்த ஒரு அண்ணாவியார் இருந்தால் ஏடு ஊர் ஊராகப் போகும், சனங்கள் கூடியிருந்து கேட்கலாம், அழலாம். அந்த ஏடுகளைப் பிரதி பண்ணியவர்கள், பெட்டிக்கடியில் ஒளித்தவர்கள் எல்லாரும் கதவைத் திறந்தவர்களின் கணக்கில்தான் வருவார்கள்.

வாஸ் அடிகளார் 1711 ஜனவரி 16இல் கண்டியில் இறந்தார். அவர் இறந்து சில பத்தாண்டுகளில் கண்டி அரசின் மனமும் மாறியது, 1740களில் குருக்கள் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார்கள். அரசர் கொடுக்கிற சுதந்திரத்தை அடுத்த அரசர் எடுத்துவிடலாம். சட்டத்தில் எழுதப்பட்டது 1806இல்தான். 1796இல் ஒல்லாந்தரிடமிருந்து கரையோரத்தைப் பிடித்த பிரித்தானியர், ஆளுநர் மெயிட்லன்ட் காலத்தில் கத்தோலிக்கர் மேலிருந்த தடைகளை நீக்கினார்கள். பிரித்தானியாவிலேயே கத்தோலிக்கர் நாடாளுமன்றத்தில் உட்கார 1829 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தாய்நாட்டில் கொடுக்காததை இங்கே ஏன் கொடுத்தார்கள்? நூற்றைம்பது வருடம் சட்டம் போட்டும் இந்தச் சனத்தை ஒன்றும் செய்ய முடியவில்லை என்பது கண்ணுக்கு முன்னால் கிடந்தது. தடை நீங்கியதும் தோம்பில் கிறிஸ்தவராக இருந்த ஆயிரக்கணக்கான சைவர்களும் தங்கள் கோயில்களுக்குப் பகிரங்கமாகத் திரும்பினார்கள். அது எங்களுக்கும் நல்ல நாள்தான்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. வாஸ் அடிகளாரின் பிறந்தநாள் அது. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலும் கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயிலிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் ஹோட்டல்களிலும் குண்டு வெடித்து 250க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். கொச்சிக்கடைக் கோயிலே ஒல்லாந்தர் காலத்தில் மறைந்து வாழ்ந்த ஒரு குருவின் கதையிலிருந்து தொடங்கிய கோயில். முன்னெச்சரிக்கை கிடைத்தும் தடுக்காமல் விட்டதற்காக, முன்னாள் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் நட்டஈடு கட்ட வேண்டும் என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆனால் அந்த மே மாதம் நடந்தது என் மனத்தை விட்டுப் போகவில்லை. குண்டு வைத்தவர்களுக்கும் தங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாத முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் அடித்து நொறுக்கப்பட்டன. அடுத்த வருடம் கொரோனாவில் இறந்தவர்கள் எல்லாரையும் எரிக்க வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போட்டது. அடக்கம் செய்வதால் ஆபத்து என்பதற்கு ஆதாரம் இல்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலே சொன்னது. 2020 டிசம்பரில், பிறந்து 20 நாளான ஒரு முஸ்லிம் குழந்தையைப் பெற்றோரின் சம்மதம் இல்லாமல் பொரளையில் எரித்தார்கள்.

அப்போது எங்கள் ஆட்களில் சிலர், இது அவர்களுடைய பிரச்சினை என்றார்கள். எனக்கு அந்தப் பேச்சைக் கேட்கவே முடியவில்லை. செபமாலையை ஒளித்து வைத்த சனத்தின் பேரப்பிள்ளைகள் வாயிலிருந்து அது வரலாமா? வேறு மதத்து மன்னரின் வீட்டுக்குள் ஒதுங்கி உயிர் பிழைத்த திருச்சபை எங்களுடையது. அது எங்கள் பிரச்சினையும்தான் என்று சொல்லிப் போய்ச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள், அவர்களுக்கு நான் நன்றியுள்ளவன். பொரளைக் கனத்தை மயானத்தின் வேலியில் எல்லா மதத்தவரும் போய் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். இரவோடிரவாக அவற்றை அகற்றினார்கள். வேறு ஊர்களிலும் சனங்கள் கட்டத் தொடங்கினார்கள். 2021 பெப்ரவரியில் அரசாங்கம் இறங்கி வந்து அடக்கம் செய்ய அனுமதித்தது. மார்ச்சில் முதல் அடக்கங்கள் கிழக்கில், ஓட்டமாவடியில் நடந்தன. செனரத் மன்னர் 1626இல் முஸ்லிம்களைக் குடியேற்றிய அதே மட்டக்களப்புப் பக்கம்தான் அது.